உவர்நில வீட்டுத் தோட்டம்

உவர்நில வீட்டுத் தோட்டம் என்பது உப்பைத் தாங்கும் நாட்டு மரங்களைச் சார்ந்து வீட்டை அமைக்கும் முறையாகும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

தோல் பதனிடும் கழிவுநீரிலுள்ள உப்பு பாலாற்றுப் படுகையில் இறங்கிப் பல கிணறுகளை உவர்ப்பாக்கியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. எனினும் மண்ணில் சேர்ந்த உப்பு தீர்ப்பால் மட்டும் நீங்காது.

இம்மண்ணில் வாழை, மா ஆகியவற்றின் இலைகள் கருகும். புங்கம், பூவரசு, வேம்பு தாங்கும். மேற்கில் புங்கம் நின்றால் பிற்பகல் வெயில் சுவரில் படாது, திண்ணையில் அமரலாம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு, கிணற்று நீரின் உவர்ப்பைக் குறைக்கும். முற்றத்தைச் சிமெண்டால் மூடக்கூடாது. மூடினால் மழைநீர் உப்பை வேருக்குக் கீழே கழுவிச் செல்லாது.