அகஸ்டஸ் காசும் காலியெனஸ் காசும்

ரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்துத் தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு ஏறக்குறைய 3.9 கிராம். ஒரு ரோமானியப் பவுண்டுக்கு 84 காசு என்பது கணக்கு. கிட்டத்தட்ட அத்தனையும் வெள்ளி. உருக்கினாலும் விலை போகும். கோவை, கரூர்ப் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் முகங்களே மிகுதி. ரோமின் ஆணை எட்டாத ஊரிலும் அந்தக் காசுக்கு மரியாதை இருந்தது.

கி.பி. 64-ல் நீரோ எடையைக் குறைத்துச் செம்பைக் கூட்டினான். பின்னால் வந்த பேரரசன் செவரஸ் வெள்ளியைப் பாதியளவுக்குக் கொண்டுவந்தான். 215-ல் அவன் மகன் கரகல்லா, கதிர்முடி சூடிய தன் தலையோடு புதுக் காசு அடித்தான். இரண்டு தினாரியஸுக்குச் சமம் என்று அது வழங்கியதாகக் கருதுகிறார்கள். உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குச் சற்றே கூடுதல்.

பேரரசன் காலியெனஸின் கடைசி ஆண்டுகளில், 268-ஐ ஒட்டி, அதே கதிர்முடிக் காசில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. செம்புக் கலவை வில்லையைக் காய்ச்சி, அமிலத்தில் ஊறவைத்து, மேலே வெள்ளிப் பளபளப்பை வரவழைத்து அடித்தார்கள். கைமாறக் கைமாறச் செம்பு பல்லிளித்தது. பின்புறத்தில் மான், சிறுத்தை, சிறகுள்ள குதிரை: பேரரசனைக் காக்கும் தெய்வங்களுக்கான காணிக்கை. அவசரத்தில் அடித்த பலவற்றில் விலங்கின் பாதி உடல் காசுக்கு வெளியே போய்விட்டது.

காலியெனஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. படைவீரர் சம்பளத்தைச் செவரஸும் கரகல்லாவும் உயர்த்திவிட்டுப் போனார்கள். 235-க்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். பட்டமேறிய ஒவ்வொருவனும் படைக்கு அன்பளிப்புத் தர வேண்டியிருந்தது. 260-ல் காலியெனஸின் தந்தை வலேரியனைப் பாரசீக மன்னன் ஷாபூர் சிறைபிடித்தான்; அதையொட்டி கால் (Gaul) நாடு கலகத் தளபதி போஸ்டுமஸ் கைக்குப் போனது. காசு கெட்டது, ஆனாலும் படைக்குப் படி அளந்ததும் அதுதான்.

அதே 260-ல் எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் நாணயம் மாற்றுவோர் கடையடைத்தனர். கடையைத் திறக்க வேண்டும், கள்ளக்காசு தவிர எல்லாவற்றையும் வாங்க வேண்டும் என்று ஆணை போட வேண்டியிருந்தது. ஆனாலும் விலைவாசி, நாம் நினைப்பதுபோல் உடனே தலைதெறிக்க ஓடவில்லை. கெட்ட காசையும் பழைய மதிப்புக்கே வாங்கிப் பழகியிருந்தார்கள். 274-ல் ஆரேலியன் சீர்திருத்தம் என்ற பெயரில் எடையும் வெள்ளியும் சற்றே கூடிய புதுக் காசை இறக்கினான். எகிப்தில் கோதுமை விலை பல மடங்கு ஏறியது அதற்குப் பிறகுதான்.