பவர் ஸ்டீயரிங் இரைச்சல்

பவர் ஸ்டீயரிங் இரைச்சல் என்பது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் திசைமாற்றியைக் கொண்ட சீருந்துகளில், வளையத்தைத் திருப்பும்போது எழும் முனகல் அல்லது கீச்சொலி ஆகும். இவ்வகைத் திசைமாற்றி 1951 ஆம் ஆண்டில் கிறைசுலர் நிறுவனத்தின் இம்பீரியல் சீருந்தில் விற்பனைக்கு வந்தது. பெல்ட் எனப்படும் பட்டை வழியாகப் பொறி சுழற்றும் எக்கி, எண்ணெயை அழுத்தி ஓட்டுநரின் கைக்குத் துணை செய்கிறது.

பழுதை அறிய ஒலியின் தன்மையே முதல் தடயம். திருப்பியவுடன் கீச்சிட்டால், தளர்ந்த அல்லது தேய்ந்த பட்டை வழுக்குகிறது எனக் கருதலாம். பொறியின் வேகத்தோடு ஏறி இறங்கும் முனகல் எனில், எக்கிக்குள் காற்றும் செல்கிறதா எனப் பார்க்க வேண்டும். காற்றுக் கலந்த எண்ணெய் எக்கியைச் சரியாக உயவூட்டாது. நாளடைவில் எக்கி தேய்ந்துவிடும்.

எண்ணெய்க் கலத்தின் மூடியைத் திறந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உள்ளது. எண்ணெயை ஊற்றி நிரப்புவது மட்டும் தீர்வாகாது. எண்ணெய் முழுதும் வடிந்தால் ஓட்டத்தின் நடுவே வளையம் திடீரெனக் கனத்துவிடும். மட்டம் சரியாக இருந்தும் எண்ணெய் நுரைத்திருந்தால், கலத்திலிருந்து எக்கிக்குச் செல்லும் உறிஞ்சு குழாயின் இணைப்பைச் சோதிக்க வேண்டும். அங்கு எண்ணெய் வெளியே சொட்டாமலேயே காற்று உட்புகக்கூடும். இதைக் கவனியாமல் நல்ல எக்கியை மாற்றுவது வீண் செலவு. இணைப்பைச் சரிசெய்தபின், முன்சக்கரங்களை உயர்த்தி, பொறி ஓடாத நிலையில் வளையத்தை இருபுறமும் முழுவதுமாக மெதுவாகப் பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும்.

வளையம் முழுதும் திரும்பிய நிலையில் எழும் சீறல் பொதுவாகப் பழுதன்று. மிகை அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு திறக்கும் ஒலியே அது. ஆயினும் அந்நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருந்தால் எண்ணெய் சூடேறும்.

மின்னோடி மட்டுமே உதவும் திசைமாற்றிகளில் இந்த எண்ணெயே கிடையாது. எனவே அவற்றின் இரைச்சலுக்கு மேற்கூறிய சோதனைகள் பொருந்தா.