பம்பு நின்ற பிறகுதான் வேலை

ஜெர்மனியின் சென்ஃப்டன்பெர்க் ஏரியில் கோடைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் நீந்துகிறார்கள். கரையில் மணல், படகுத்துறை, பைன் மரங்கள். ஏறத்தாழ 1,300 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரி, பழுப்பு நிலக்கரி வெட்டிய பள்ளம். 1967இல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். நிரம்ப ஐந்து ஆண்டுகள் ஆயின.

பெர்லினுக்குத் தென்கிழக்கே உள்ள இந்த லவுசிட்ஸ் வட்டாரத்தில், 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் பல சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. பள்ளங்களைச் சீரமைக்கும் பொறுப்பு எல்.எம்.பி.வி. என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. முப்பது ஆண்டுகள் கடந்தும் வேலை முடியவில்லை.

ஏன்? நெய்வேலியை அறிந்தவர்களுக்குத் தெரியும்: நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரியை எடுக்க முடியும். பம்பு நின்றால் நீர் மேலே ஏறும். தோண்டிப் போட்ட மண்ணில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கிறது. பல ஆண்டுகள் காற்றுபட்டுக் கிடந்த அது, நீரில் கரையும்போது கந்தக அமிலமாகவும் இரும்பாகவும் பிரிகிறது. சில ஏரிகள் ஏறக்குறைய வினிகர் அளவுக்குப் புளித்துப்போயின, மீன் தங்காது. படகுகளில் சுண்ணாம்பு கொண்டுபோய்க் கரைக்கிறார்கள். இரும்போ ஸ்ப்ரே ஆற்றில் இறங்கி அதைச் செம்பழுப்பாக்குகிறது.

கொட்டிவைத்த மண்மேடு இன்னும் ஆபத்தானது. நீர் ஊறிய தளர்ந்த மணல், சிறிய அதிர்வு போதும், கூழாக ஓடிவிடும். அதனால் நீண்ட அதிர்வுக் குழாய்களை ஆழத்தில் இறக்கி, கரையை முன்கூட்டியே இறுக்குகிறார்கள். சுரங்க ஏரிக்கரையை எளிதில் நம்பக்கூடாது என்பதை ஜெர்மனி துயரத்தோடு அறிந்தது. 2009 ஜூலை 18 அன்று, சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் நாக்டர்ஷ்டெட்டில் கரை சரிந்து வீடுகள் ஏரிக்குள் விழுந்தன, மூவர் இறந்தனர்.

கிழக்கு ஜெர்மனியில் சுரங்கங்கள் அரசுடைமையாக இருந்தன. ஆகவே சீரமைப்புச் செலவு மக்களின் வரிப்பணத்தில் விழுந்தது. இதுவரை ஆயிரம் கோடி யூரோவுக்கு மேல். கரி லாபம் தரும் காலத்திலேயே இதற்கான பணத்தை ஒதுக்கிவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

நிலத்தைச் சீராக்கலாம், ஊரை? லவுசிட்ஸில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் முழுதாகவோ பகுதியாகவோ சுரங்கத்துக்குப் போயின. அவற்றில் பல, சோர்பியர் என்ற சிறுபான்மை ஸ்லாவிய மக்களின் ஊர்கள். அப்படிப்பட்ட ஓர் ஊரான ஹோர்னோவின் மக்கள் 2000களின் தொடக்கத்தில் ஃபோர்ஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். அவர்களது புதிய குடியிருப்பில் ஓர் ஆவணக்காப்பகம் இருக்கிறது. மறைந்துபோன ஊர்களின் பெயர்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன.