மலைப் பயணமும் மறைக்கக் கூடாத நோயும்

பஞ்சாங்கக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலத்தைச் சேர்ந்தவை. இளவேனில் பிறப்பது சித்திரையில்தான். ஆனால் ஆனைமலை அடிவாரத்தில் அது முன்னதாகவே தலைகாட்டிவிடுகிறது. இலை உதிர்த்த இலவமரங்கள் செந்நிறப் பூக்களால் நிறைகின்றன. மாமரங்களில் பிஞ்சுகள் தொங்குகின்றன. கோடையின் முதல் மழை விழுந்த சில நாள்களில், மலைச்சரிவுகளில் காப்பிச் செடிகள் வெள்ளை வெளேரெனப் பூத்து மணக்கின்றன. நண்பர்கள் ஒன்றுகூடி, சனி, ஞாயிறு இரண்டு நாள் எங்கேனும் சென்று வரலாம் எனப் பேசத் தொடங்கும் காலம் இது.

அந்தக் கூட்டத்தில் நீண்டநாள் நோயுள்ள ஒருவர் இருப்பின், அவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத் தேர்கிறார். "நீங்கள் போய் வாருங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். அல்லது நோயைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் உடன் கிளம்பிவிடுகிறார். முதலாவதில் ஒரு மகிழ்ச்சி பறிபோகிறது. இரண்டாவதில் உயிருக்கே இடர் நேரலாம். உடல்நிலை சீராக உள்ள பலருக்கு, மருத்துவரின் ஒப்புதலோடு இவ்விரண்டுமல்லாத மூன்றாவது வழியும் உண்டு: உடன் வருவோரிடம் சொல்லிவிட்டுச் செல்வது. நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர், நண்பர்களுடன் கோவையிலிருந்து வால்பாறைக்குக் காரில் செல்வதாக வைத்துக்கொண்டு இதனை விளக்குவோம்.

வளைவுகளில் நேரும் குழப்பம்

கோவையிலிருந்து பொள்ளாச்சி ஏறத்தாழ 40 கிலோமீட்டர், சமவெளிப் பாதை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைக் கடந்ததும் மலையேற்றம் தொடங்குகிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் கண்ணில் படும். பாறைகளில் வரையாடுகளையும் காண வாய்ப்புண்டு.

நம் நண்பர் வீட்டு வழக்கப்படி காலை ஆறரை மணிக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஏழு மணிக்குப் பொள்ளாச்சியில் சிற்றுண்டி என்பது ஏற்பாடு. கார் வரத் தாமதமாகிறது. இன்னொருவரை அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. "அடுத்த ஊரில் நல்ல ஓட்டல் இருக்கிறது" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். தம்மால் பயணம் தடைப்படக் கூடாது என்று இவரும் வாய் திறவாது இருக்கிறார். வயிற்றில் உணவில்லை, உடலில் இன்சுலின் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மலையேறும்போது அவருக்கு வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது. வளைவுப் பாதையில் குமட்டலும் தலைசுற்றலும் யாருக்கும் வரக்கூடியவை. ஆகவே நண்பர்கள், "கண்ணை மூடிச் சற்றுப் படுத்துக்கொள், சரியாகிவிடும்" என்கிறார்கள். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் அவருக்கு நேர்ந்திருப்பது தாழ்சர்க்கரை நிலை. அந்நிலையில் கண்ணை மூடிப் படுப்பவர் நினைவிழக்கக் கூடும். நோயைப் பற்றி அறிந்த ஒரே ஒரு நண்பர் காரில் இருந்திருந்தால், ஒரு கைப்பிடிச் சர்க்கரையோடு இது முடிந்திருக்கும்.

நண்பருக்குத் தெரிய வேண்டியவை

வீட்டில் இந்த அறிகுறிகளை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் மனைவியோ கணவரோ மகளோதான். பயணத்தின் இரண்டு நாளும் அந்தப் பொறுப்பு ஒரு நண்பரைச் சாரட்டும். புறப்படுவதற்கு முன்பு குடும்பத்தார் அவரை அழைத்துக் கால் மணி நேரம் பேசினால் போதும். சொல்ல வேண்டியவை இவை:

முதலாவது, அறிகுறிகள். திடீர் வியர்வை, நடுக்கம், கடும் பசி, படபடப்பு, காரணமற்ற எரிச்சல், குழப்பம். இரத்த அழுத்தத்திற்கோ இதயத்திற்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவரிடம் நடுக்கமும் படபடப்பும் வெளிப்படாமலே போகலாம்.

இரண்டாவது, முதலுதவி. குளுக்கோமீட்டரில் 70 மி.கி.க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ் தர வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி, நீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்; உயரவில்லையெனில் மீண்டும் தர வேண்டும். கருவி கைவசம் இல்லாவிட்டால் காத்திராமல் கொடுத்துவிடலாம். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்துவதால் அது இதற்கு ஏற்றதன்று. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோருக்குச் சமையல் சர்க்கரை விரைந்து பயன்தராது, குளுக்கோஸ்தான் வேண்டும். சர்க்கரை அளவு சீரானதும், அடுத்த வேளை உணவுக்கு நேரமிருந்தால் இட்லியோ பிஸ்கட்டோ சிறிது உண்ணச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, செய்யக் கூடாதது. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். மலைப்பாதையில் சில இடங்களில் அலைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை. பொள்ளாச்சியிலும் வால்பாறையிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. எது அருகில் என்பதை ஏறும்போதே மனத்தில் கொள்வது நல்லது.

நான்காவது, மது. கல்லீரல் இரத்தத்திற்குச் சர்க்கரை வழங்குவதை மது தடுக்கிறது. குடித்துப் பல மணி நேரம் கழித்து, உறக்கத்திலும் சர்க்கரை தாழலாம். மேலும், மது வாடை வீசினால் தாழ்சர்க்கரையின் குழறலைப் போதை என்று மற்றவர்கள் எண்ணிவிடுவார்கள். வற்புறுத்தாத நண்பரே இங்கு உற்ற நண்பர்.

இன்சுலின் மட்டுமன்று, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் சர்க்கரையை மிகுதியாகத் தாழ்த்தக் கூடியவை. தாம் உட்கொள்வது எவ்வகை என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

காரில் கொள்ள வேண்டிய கவனம்

உணவு எப்போது கிடைக்கும் என்று உறுதியான பின்னரே உணவுவேளை இன்சுலினைப் போட்டுக்கொள்ளுங்கள். சிலவகை இன்சுலினை உண்பதற்கு அரைமணி முன்பும், சிலவற்றை உண்ணும் நேரத்திலும் போட வேண்டும்; உங்களுடையது எது என்பதைப் பயணத்திற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து இட்லிப் பொட்டலம் ஒன்று கொண்டுசெல்வது எல்லா ஏற்பாட்டிலும் எளியது.

வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அடுப்புபோல் சூடேறும். இன்சுலினைக் காரிலேயே விட்டுச் செல்லாதீர்கள். கைப்பையில் உடன் கொண்டுசெல்லுங்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான வெப்பத்தில் நான்கு வாரம்வரை தாங்கும். பனிக்கட்டியின்மீது நேரடியாக வைத்தால் உறைந்து கெடும். துணியில் சுற்றி வையுங்கள். ஒருமுறை உறைந்ததை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

நோயுள்ளவரே காரோட்டுவதாயின், மலைப்பாதையை மற்றொருவரிடம் விடுவது நன்று. பிரிட்டனின் ஓட்டுநர் விதிகள், ஓட்டுவதற்கு முன்னும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும் சர்க்கரையைப் பார்க்கச் சொல்கின்றன. அளவு 90 மி.கி.யாவது இருக்க வேண்டும் என்றும், தாழ்சர்க்கரை நீங்கிய பின்பும் 45 நிமிடம் ஓட்டக் கூடாது என்றும் கூறுகின்றன. நம் சாலைகளிலும் பின்பற்றத் தக்க அளவுகோல் இது.

இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இறங்கிச் சற்று நடங்கள். கால் சிரைகளில் இரத்தம் உறைவதைத் தவிர்க்க அது உதவும். பொழுது சாய்வதற்குள் மேலே சென்று சேருங்கள். இருட்டியபின் சாலையில் யானைகள் குறுக்கிடலாம். உணவுக்கும் அலைய நேரும்.

வழியில் ஆனைமலை மாசாணியம்மன் கோவிலுக்குச் செல்ல விரும்பினால், விடிகாலையோ மாலையோ செல்லுங்கள். பங்குனி வெயிலில் கருங்கல் தளம் கொதிக்கும். கால் உணர்வு குன்றியவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம்தான் பிறகு தெரியும். இரவு உறங்குமுன் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பாதத்தைப் பார்க்க ஒரு நண்பரின் கண்ணும் உதவும்.

வீட்டில் இருப்பவருக்கும் ஓய்வு

ஆண்டு முழுவதும் வேளை தவறாமல் மருந்தும் உணவும் எடுத்துக்கொடுப்பவருக்கு இவ்விரண்டு நாள் அரிய ஓய்வு. அவர் அலைபேசியைக் கையில் பிடித்தபடி அமர்ந்திருந்தால் அது ஓய்வாகாது. நண்பர் எல்லாம் அறிந்தவர் என்ற நம்பிக்கையும், இரவு ஒரு வேளை அழைப்பதென்ற ஏற்பாடும் இருந்தால் அவரும் நிம்மதியாக உறங்குவார்.

வலிப்பு நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும் அறிகுறியும் முதலுதவியும்தான் வேறுபடும். சொல்ல வேண்டிய தேவை ஒன்றே. நோயைச் சொன்னால் நண்பர்கள் சுமையாக எண்ணுவார்களோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் சொல்லாமல் மறைத்த நோய்தான், நாற்பது வளைவுகளின் நடுவே, ஒன்றும் அறியாத நண்பர்கள்மீது பெருஞ்சுமையாய் விழுகிறது. அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது, "நான் நண்பர்களுடன் பயணம் போகலாமா? அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். இயலுமாயின் அந்த நண்பரையும் உடன் அழைத்து வாருங்கள்.