பழைய கேரவனை கட்டியது யார்? எடைக்குப் போடும் முன் பாருங்கள்!

தென்காசி,—
குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் குத்துக்கல்வலசை பக்கமெல்லாம் வெளியூர் வேன்கள்தான். படுக்கை, அடுப்பு வைத்த அந்தக் காலத்து கேரவன் ஒன்று உங்கள் ஷெட்டில் தூங்குகிறதா? அவசரப்பட்டு பழைய இரும்புக் கடைக்கு தள்ளிவிடாதீங்க, அண்ணாச்சி!

முகப்பில் உள்ள பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது சேஸிஸ் கம்பெனியின் பெயர். மேலே கூண்டு கட்டியவர் பெரும்பாலும் வேறு ஆள். சென்னையில் 1840-ல் கோச்சு வண்டி கட்ட ஆரம்பித்த சிம்சன் கம்பெனி, பிறகு மோட்டார் பாடியும் கட்டியது. கரூர் பட்டறைகளுக்கு இன்றும் அதுதான் தொழில்.

வாசற்படி, டிரைவர் சீட்டின் பின்பலகை, அலமாரிக் கதவின் உள்பக்கம் இங்கெல்லாம் சின்னத் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். தகடு போயிருந்தாலும் ஆணித் துவாரம் இருக்கும். அதன் அளவே ஒரு துப்பு. அதுவரை பெயிண்டை சுரண்டக்கூடாது.

இதனால் என்ன லாபம்? 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, பதிவாகி 50 வருஷம் தாண்டிய சொந்த உபயோக நாலு சக்கர மோட்டார் வண்டியை, அசல் உருவம் மாறாமல் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு கட்டணம் ரூ.20 ஆயிரம். அசல் எது என்று காட்ட, கட்டியவர் யாரென்று தெரிய வேண்டுமே!

சீசனுக்கு வாடகைக்கு விடலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீங்க. அந்தப் பதிவில் அதற்கு இடமில்லை.