இரண்டு சாக்ஸ் போட்டால் விரல் போகும்

குளிர்காலத்தில் ஸ்பிட்டிக்கும் லடாக்கின் நுப்ராவுக்கும் உறைந்த அருவி ஏறப் போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஆன்லைனில் '-20 டிகிரி தாங்கும்' என்று போட்டிருந்த பூட்ஸை வாங்கி வந்துவிடுகிறார்கள். நடந்துகொண்டே இருப்பவருக்கு அது போதலாம். பனிச்சுவரின் அடியில் கயிறு பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பவருக்குப் போதாது.

ஒரு பையனின் பூட்ஸை நானே கழற்றினேன். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். கட்டைவிரல் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது, கிள்ளினாலும் உறைக்கவில்லை. காலை இறுக்கினால் விரலுக்கு ரத்தம் போகாது. ரத்தம் போகாத விரலை எந்தக் கம்பளியும் காப்பாற்றாது. அப்படி வெளுத்தால் தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். கீழே இறங்கி, மறுபடி உறையாத இடத்துக்கு வந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வையுங்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.

வாங்கும்போது, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் போடப்போகும் அதே ஒரு ஜோடி சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். லேஸைக் கட்டிச் சுவரை உதையுங்கள். விரல் நுனி இடிக்கக் கூடாது, குதிகால் மேலே எழும்பக் கூடாது, உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். அடிப்பாகம் வளையவே கூடாது. பூட்ஸின் அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பான் பிடிக்க முன்னும் பின்னும் விளிம்பு இருக்க வேண்டும். கடுங்குளிருக்கு உள்பூட் தனியே கழன்று வரும் இரட்டை பூட்ஸே நல்லது. இரவில் உள்பூட்டை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து உலர்த்தலாம். வாடகைக்கு எடுத்தால் அடிப்பாகம் ஒட்டிய இடத்தை விரலால் பிரித்துப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பூட்ஸ் பளபளப்பாக இருந்தாலும் மலையில் விரிசல் விடலாம்.

பில் வாங்குங்கள். ஐம்பது ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றாலும் பில் வாங்குங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த நாளுக்குள், நாள் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. (நீங்கள் தவறான அளவு எடுத்தது குறையாகாது; அதனால்தான் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.)

கடைக்காரர் மறுத்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மணாலிக் கடை என்றால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்களை நம்பாதீர்கள். சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில், பூட்ஸின் படங்கள், கடைக்கு எழுதிய மின்னஞ்சல், '-20 டிகிரி' என்று போட்டிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் நான்கும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை வாங்குகிற அன்றே எடுத்துவிடுங்கள். புகார் போன பிறகு அந்த வரி அங்கே இருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.