மழைக்கால வயலைப் படம் எடுப்பது எப்படி?

மேல்நாடுகளில் இலையுதிர் காலம் என்று சொல்லப்படும் மாதங்களில் நம் பகுதியில் இலை உதிர்வதில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழைக் காலம். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர்ப் பகுதியில் இந்த நாட்களில் சம்பாப் பயிர் தூர் கட்டி நிற்கும். ஏரி நிரம்பும். மழை விட்ட காலையில் தூசியில்லாத வானமும் நீர் நிறைந்த வயலும் ஆண்டில் வேறு எப்போதும் காணக் கிடைக்காத காட்சியாகும்.

இன்று பெரும்பாலான உழவர்களின் சட்டைப்பையில் காமிரா உள்ள செல்பேசி இருக்கிறது. அழகுக்காக மட்டும் படம் எடுத்த காலம் போய்விட்டது. பயிருக்கு வந்த நோயைக் காட்டி ஆலோசனை கேட்கவும், வெள்ளச் சேதத்தைத் தெரிவிக்கவும் படம் பயன்படுகிறது. எனவே வயலை முறையாகப் படம் எடுப்பதையும், எடுத்த படத்தைத் திருத்துவதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதையும் உழவர் பெருமக்கள் அறிந்திருப்பது நல்லது.

நேரமும் வெளிச்சமும்

காலை 6.30 மணி முதல் 8 மணி வரையிலும், மாலை 4.30 மணிக்கு மேலும் வெயில் சாய்வாக விழும். அப்போது வரப்பின் மேடும் வாய்க்காலின் பள்ளமும் நிழலால் தனித்தனியே தெரியும். உச்சி வெயிலில் வயல் முழுவதும் ஒரே தட்டையாகத் தோன்றும். சூரியன் முதுகுக்கு நேர் பின்னால் இருப்பதைவிடத் தோளுக்குப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. மேகமூட்டமான நாளில் நிழல் குறைவு. ஆனால் இலையின் நிறத்தையும் புள்ளிகளையும் காட்ட அந்த வெளிச்சமே ஏற்றது.

நிற்கும் இடமும் கட்டமைப்பும்

உயரமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பாகூர் ஏரிக்கரை போன்ற இடத்தில் நின்றால் ஒருபுறம் நீர்ப்பரப்பும் மறுபுறம் ஆயக்கட்டும் தெரியும். இரண்டையும் ஒரே படத்தில் அடைக்க முயன்றால் இரண்டுமே சிறுத்துவிடும். எதைக் காட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படச் சட்டத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்று சம பாகங்களாகப் பிரித்துக் கொள்ளுங்கள். பல செல்பேசிகளில் இந்தக் கோடுகளைத் திரையிலேயே வரவழைக்கலாம். மேகம் திரண்டு அழகாக இருந்தால் வானத்துக்கு இரண்டு பங்கு, நிலத்துக்கு ஒரு பங்கு. வயல்தான் முக்கியம் என்றால் நிலத்துக்கு இரண்டு பங்கு. அடிவானம் சாயக்கூடாது; சாய்ந்தால் ஏரித் தண்ணீர் வழிந்தோடுவதைப் போலத் தோன்றும்.

வரப்பையோ வாய்க்காலையோ படத்தின் கீழ் மூலையிலிருந்து உள்ளே செல்லும்படி அமைத்தால் பார்ப்பவரின் கண் அதன் வழியே வயலுக்குள் போகும். முன்னே நாற்று முடி, நடுவே வயல், பின்னே பனைவரிசை என்று மூன்று அடுக்கு இருந்தால் படத்துக்கு ஆழம் கிடைக்கும். தூரத்தில் ஓர் ஆளோ மாடோ இருந்தால் வயலின் அளவு விளங்கும்.

வானம் வெளுக்காமல் இருக்க

மழைக்கால வானம் வயலைவிட மிகவும் பிரகாசமானது. வயலுக்கு ஏற்ப ஒளியை விட்டால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். முன்பு நெகடிவ் பிலிமில் இருட்டுப் பகுதிக்குப் போதிய ஒளி விட வேண்டும் என்று சொல்வார்கள். டிஜிட்டல் காமிராவில் இது நேர்மாறு. முற்றிலும் வெளுத்த இடத்தில் பின்னால் எதையும் மீட்க முடியாது. சற்று இருண்ட இடத்தை ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே திரையில் வானம் உள்ள இடத்தைத் தொட்டு ஒளியைக் கொஞ்சம் குறைத்து எடுப்பதே பாதுகாப்பானது.

திருத்தலாமா?

சாய்வை நேராக்கலாம். ஓரத்தில் நுழைந்த மின்கம்பத்தை வெட்டி விலக்கலாம். இருண்ட வயலைச் சற்று வெளிச்சமாக்கலாம். இவை அந்நாளில் இருட்டறையில் செய்தவைதாம். ஆனால் நிறத்தைக் கூட்டும்போதுதான் எச்சரிக்கை தேவை.

சுவரில் மாட்டும் படத்தில் பச்சையைக் கூட்டினால் யாருக்கும் நட்டமில்லை. ஆலோசனை கேட்டு அனுப்பும் படத்தில் அவ்வாறு செய்தால், தழைச்சத்துக் குறைவால் வெளிறிய பயிரும் செழித்த பயிராகத் தோன்றிவிடும். படத்தில் பச்சை ஏறினால் பயிரில் தழைச்சத்து ஏறிவிடாது! சில செல்பேசிகள் நாம் கேட்காமலே வானத்தை நீலமாகவும் இலையைப் பச்சையாகவும் கூட்டிக் காட்டுகின்றன. அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுங்கள்.

நிறத்தை வெளிச்சம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு இலை வண்ண அட்டையே சான்று. அதைப் பயன்படுத்தும்போது காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், நம் உடல் நிழலில் இலையை வைத்து ஒப்பிட வேண்டும். நோயில்லாத 10 குத்துகளில், மேலிருந்து மூன்றாவதாக முழுதும் விரிந்த இலையைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற இரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் குறைந்தால் தழைச்சத்து தேவை என்பது பரிந்துரை. நேரடியாகப் பார்க்கும்போதே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால், படத்துக்குச் சொல்லவும் வேண்டுமா? இலையைப் படம் எடுக்கும்போது அருகில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தின் நிறம் சரியில்லை என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். படம் பார்த்து ஐயம் தீரவில்லையெனில், குரும்பாபேட்டையில் உள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பாதித்த பயிரையே எடுத்துச் சென்று காட்டலாம்.

வெள்ளம் வந்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தொடர்ந்து தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் பாகூர்ப் பகுதி வயல்களில் புகுந்தது. இத்தகைய நாளில் வயல் முழுவதும் தண்ணீராகத் தெரியும் படம் பார்ப்பவர் மனத்தை உருக்கும். ஆனால் அது யாருடைய வயல், எவ்வளவு ஆழம், பயிர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லாது.

அதற்கு மூன்று படங்கள் தேவை. முதலாவது, பம்பு கொட்டகை, பனைமரம், கோயில் கோபுரம் போன்ற அசையாத அடையாளம் தெரியும்படி தொலைவிலிருந்து எடுத்தது. இரண்டாவது, அளவு குறித்த கழியை நட்டுத் தண்ணீரின் ஆழத்தைக் காட்டுவது. மூன்றாவது, சாய்ந்த பயிரையோ கதிரையோ கிட்டத்தில் காட்டுவது. நாள்தோறும் அதே இடத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் எத்தனை நாள் வடியாமல் நின்றது என்பதும் பதிவாகும். மழைக்கு முன்பே பயிர் நன்றாக இருக்கும்போது ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட உதவும்.

இந்தப் படங்களில் எந்தத் திருத்தமும் கூடாது. உண்மையான சேதத்தைக் காட்டும் படத்தில்கூட நிறத்தை மாற்றியிருந்தால் முழுப் படத்தின் மீதும் ஐயம் விழும். செல்பேசியில் இருப்பிடப் பதிவை இயக்கிவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதுடன் இருப்பிட விவரமும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலப்படம் அப்படியே போய்ச் சேரும்.

படம் ஒன்றே போதும் என்று எண்ணக்கூடாது. எந்தச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு, எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். இடி மின்னலின்போது திறந்த வயலிலோ ஏரிக்கரையிலோ நிற்காதீர்கள். அறுந்த மின்கம்பி கிடக்கும் தண்ணீரில் படத்துக்காக இறங்க வேண்டாம்.

மூலப்படத்தைக் காப்போம்

1955-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பாதுகாத்து வருகிறது. இன்று சிதைந்துபோன ஒரு சிற்பம் முன்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல அந்த மூலப்படங்களே சாட்சி. உழவருக்கும் அது பொருந்தும். திருத்த வேண்டுமானால் ஒரு பிரதி எடுத்து அதில் திருத்துங்கள். மூலப்படத்தைத் தேதியும் வயலின் பெயரும் இட்டுத் தனியே வையுங்கள்.

திருத்திய பிரதி வீட்டுச் சுவரை அழகு செய்யட்டும். திருத்தாத மூலப்படம் வயலின் கணக்குப் புத்தகமாக இருக்கட்டும். அடுத்த ஐப்பசியில் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்த வடிகாலை முன்கூட்டியே தூர்வார வேண்டும் என்பதை அந்தப் படமே எடுத்துச் சொல்லும்.